காற்று நின்ற நேரம்

"ராத்தா, இந்தச் சூறாவளி நம்மட ஊருக்கும் வருமா?"

கடந்த ஓகஸ்ட் விடுமுறையில் ஒரு நாள் இரவு என் தம்பி கேட்ட கேள்வி இது. அவன் தரம் நான்கு. உம்மாவின் தொலைபேசியில் ஒரு வீடியோ பார்த்திருக்கிறான். கறுத்த தூண் போன்ற ஒரு காற்று, வயல்வெளியால் நடந்து வந்து, வீட்டுக் கூரையைத் தூக்கிக்கொண்டு போகிறது. "பயங்கர சூறாவளி" என்று ஒரு குரல் தமிழில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததிலிருந்து அவனுக்கு உறக்கம் இல்லை. வெளியில் கச்சான் காற்று தென்னோலையை உரசினாலே எழும்பி உட்கார்ந்துவிடுவான்.

"அது அமெரிக்காவுல வாறது. நீ படு" என்று சொன்னேன். அவன் படுத்தான். ஆனால் நான் சொன்னது முழு உண்மை இல்லை என்பது எனக்கே தெரியும். உயர்தரத்தில் புவியியல் படிக்கும் நான், ஒரு பத்து வயதுப் பிள்ளையின் கேள்வியை ஒரே வரியில் மூடிவிட்டேனே என்று உறுத்தலாக இருந்தது.

அடுத்த நாள் அஸருக்குப் பிறகு விறாந்தையில் பாயை விரித்தேன். தம்பியோடு பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் சேர, மொத்தம் ஒன்பது பேர். தரம் மூன்று முதல் ஐந்து வரை. சில நாடுகளில் ஆரம்பப் பிரிவு ஆசிரியர்கள் ஒரே விடயத்தை எடுத்து அதை எல்லாப் பாடங்களுக்குள்ளாலும் கற்பிப்பார்கள் என்று வாசித்திருந்தேன். எனக்கும் ஓர் ஆசை. காற்றை எடுத்துக்கொண்டேன். சுற்றாடல், கணிதம், தமிழ், சிங்களம், இஸ்லாம், சித்திரம் என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பாடம். என் உம்மும்மா விறாந்தையின் மறு முனையில் இருந்து பன்பாய் இழைத்துக்கொண்டிருந்தார். அவரை நான் ஒரு மாணவியாகக் கணக்கெடுக்கவில்லை.

முதல் நாள் சுற்றாடல். இரண்டு சோடாப் போத்தல்களை எடுத்து, ஒன்றில் முக்கால்வாசி தண்ணீர் நிரப்பி, வாயோடு வாய் வைத்து டேப்பால் இறுக்கிச் சுற்றினேன். தலைகீழாகக் கவிழ்த்தால் தண்ணீர் 'குளுக் குளுக்' என்று தயங்கித் தயங்கி இறங்கியது. கவிழ்த்து ஒரு சுழற்று சுழற்றினால் நடுவில் ஒரு சுழி உண்டாகி, தண்ணீர் மளமளவென்று இறங்கியது. சுழியின் நடுவால் காற்று மேலே ஏறுவதாலும், தண்ணீர் ஓரத்தால் கீழே இறங்குவதாலும் இரண்டும் ஒன்றையொன்று தடுப்பதில்லை. ஒன்பது பேரும் ஒன்பது தடவை சுழற்றிப் பார்த்தார்கள். விறாந்தை நனைந்தது. உம்மா ஏசினார்.

வீடியோவில் வந்தது டொனேடோ என்று விளக்கினேன். நிலத்தை ஒட்டிய வெப்பமான ஈரக்காற்றுக்கு மேலே குளிர்ந்த வரண்ட காற்று வரும்போது பெரிய இடிமுகில்கள் எழும்புகின்றன. உயரத்துக்கு உயரம் காற்றின் வேகமும் திசையும் மாறினால் அந்த முகிலுக்குள் காற்று உருளத் தொடங்குகிறது. மேலே எழும் காற்று அந்த உருளையை நிமிர்த்திவிட, முகிலிலிருந்து நிலம் வரை ஒரு சுழல் இறங்குகிறது. பெரும்பாலான டொனேடோக்கள் பத்து நிமிடம்கூட நிலைப்பதில்லை. அமெரிக்காவில் வருடத்துக்கு 1000க்கும் மேல் ஏற்படுகின்றன. ஆனால் அமெரிக்காவில் மட்டும்தான் என்று இல்லை. 1989 ஏப்ரல் 26 இல் பங்களாதேசில் வீசிய ஒரு டொனேடோ ஏறத்தாழ 1300 பேரைப் பலியெடுத்தது. அதைச் சொன்னபோது தம்பி என்னைப் பார்த்தான். "அமெரிக்காவுல வாறதெண்டு சொன்னீங்க" என்று அவன் கேட்கவில்லை. பார்த்த பார்வையிலேயே கேட்டுவிட்டான்.

இரண்டாம் நாள் கணிதம். 1925 மார்ச் 18 இல் அமெரிக்காவின் மிசூரி, இலினோய், இந்தியானா ஆகிய மூன்று மாநிலங்களையும் ஊடறுத்துச் சென்ற டொனேடோவை எடுத்தேன். மூன்றரை மணித்தியாலத்தில் ஏறத்தாழ 350 கிலோமீற்றர். "அப்படியானால் ஒரு மணித்தியாலத்துக்கு எவ்வளவு?" தரம் ஐந்துப் பிள்ளை ஒருத்தி விரல் விட்டு எண்ணி, "நூறு!" என்று துள்ளினாள். கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு பஸ்ஸில் வரும் தூரத்தைவிடக் கூடிய தூரம், பஸ் எடுக்கும் நேரத்தில் பாதிகூட இல்லை. அதில் இறந்தவர்கள் 695 பேர் என்று சொன்னதும் விறாந்தை அமைதியாகிவிட்டது.

அன்றிரவு ஒரு பிள்ளையின் உம்மா வந்தார். "புள்ள ராவெல்லாம் அழுகுது. சின்னப் புள்ளைகளுக்கு இதெல்லாம் என்னத்துக்கு? நல்ல கதை சொல்லிக் குடுங்க மகள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அதிகம் வலித்தது. என் உம்மாவும், "அவ சொல்றதும் சரிதானே" என்றார். அடுத்த நாளிலிருந்து அந்தப் பிள்ளை வரவில்லை. எட்டுப் பேரானோம்.

பயத்தைக் கொடுப்பதற்கா நான் கற்பிக்கிறேன் என்று அன்றிரவு யோசித்தேன். விடை தேடி வாசித்தபோது ஓர் ஆச்சரியமான செய்தி கிடைத்தது. அமெரிக்காவின் வானிலை நிறுவனம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பல பத்தாண்டுகளாகத் தன் முன்னறிவிப்புகளில் 'டொனேடோ' என்ற சொல்லையே தவிர்த்து வந்திருக்கிறது. அந்தச் சொல்லைக் கேட்டால் மக்கள் பீதியடைந்துவிடுவார்கள் என்ற பயமே காரணம். 1925 இல் அந்த 695 பேரும் இறந்த நாளிலும் அதே வழக்கம்தான் இருந்தது. 1948 மார்ச்சில் ஒக்லஹோமாவின் ஒரு விமானப்படைத் தளத்தில் இரண்டு அதிகாரிகள் துணிந்து முன்னறிவித்தார்கள். அன்று மாலையே டொனேடோ வந்தது. அதன் பிறகுதான் நிலைமை மெல்ல மாறியது. சொல்லை மறைத்தால் காற்று வராமல் இருக்காது என்று அன்று என் கொப்பியில் எழுதிவைத்தேன். ஆனாலும் அந்த உம்மாவின் முகம் மனதை விட்டுப் போகவில்லை.

மூன்றாம் நாள் தமிழும் சிங்களமும். காற்றுக்குத் தமிழில் எத்தனை பெயர்! தெற்கிலிருந்து வந்தால் தென்றல், வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், மேற்கிலிருந்து வந்தால் கோடை. எங்கள் பகுதியில் அந்த மேல்காற்றுக்குக் கச்சான் என்று பெயர். 2022 இல் வங்காள விரிகுடாவில் உருவான ஒரு சூறாவளிக்கு இலங்கை கொடுத்த பெயர் 'அசனி'. பழந்தமிழிலும் அசனி என்றால் இடி. சிங்களத்தில் சூறாவளியைச் 'சுளி சுளங்' என்பார்கள் என்றதும், "அது நம்மட சுழிதானே ராத்தா!" என்றான் ஒருவன். எனக்கே அது அதுவரை தோன்றவில்லை.

அப்போது தம்பி ஒரு சந்தேகம் கேட்டான். "வீடியோவுல வந்ததும் சூறாவளி. செய்தியில சொல்றதும் சூறாவளி. ஓட்டுக் கூரை பறந்தா மினி சூறாவளி. எல்லாம் ஒண்டா?" நல்ல கேள்வி. டொனேடோ சில நூறு மீற்றர் அகலம், சில நிமிடங்கள். நமது செய்திகளில் வரும் சூறாவளியோ கடலில் பிறந்து, நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் பரந்து, நாட்கணக்கில் நகர்வது. ஆனால் எல்லாவற்றுக்கும் நாம் ஒரே சொல்லைப் பாவிக்கிறோம். இதை அன்று நன்றாகத்தான் விளக்கினேன். ஆனால் விளக்கிய நானே இரண்டு நாளில் அதில் தடுக்கி விழுந்தேன்.

நான்காம் நாள் இஸ்லாம். ஸுலைமான் நபிக்கு அல்லாஹ் காற்றை வசப்படுத்திக் கொடுத்ததையும், மழையைச் சுமந்து வரும் காற்று ரஹ்மத் என்பதையும், காற்றை ஏச வேண்டாம் என்று நபியவர்கள் கற்றுத் தந்ததையும் சொன்னேன். ஆத் சமூகம் காற்றால் அழிக்கப்பட்டதையும் சொன்னேன். உடனே தரம் மூன்றுப் பிள்ளை கேட்டாள்:

"அப்ப காத்துல மௌத்தாப் போற ஆக்கள் எல்லாம் கெட்ட ஆக்களா ராத்தா?"

எனக்கு வாய் வரவில்லை. "இல்ல... அப்படி இல்ல..." என்று இழுத்தேன். பன்பாய் இழைத்துக்கொண்டிருந்த உம்மும்மாவின் கை நின்றிருந்ததைக் கண்டேன். அவர் எழும்பி உள்ளே போய்விட்டார். வுழூ எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

ஐந்தாம் நாள் சித்திரமும் பாதுகாப்பும். பிள்ளைகள் படம் கீறினார்கள். நான் அட்டையில் விதிகளை எழுதி ஒவ்வொன்றாக வாசித்தேன். "சூறாவளி வந்தால் உறுதியான கட்டிடத்துக்குள் போக வேண்டும். யன்னலுக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது. காற்று நின்றதும் வெளியே வந்து..."

"இல்ல!"

உம்மும்மாவின் குரல். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கையில் இருந்த பன் நிலத்தில் சிதறியது.

"இல்ல மகள். காத்து நிண்டா வெளிய போகப்படாது. அப்பதான் போகப்படாது."

பிள்ளைகள் திகைத்தார்கள். நானும்தான். உம்மும்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு தூணில் சாய்ந்து இருந்துகொண்டு, எங்களைப் பார்க்காமல் முற்றத்தைப் பார்த்தபடி சொல்லத் தொடங்கினார்.

1978 நவம்பர் 23, வியாழக்கிழமை. எங்கள் வழக்கில் அது வெள்ளி இரா. ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து ஏறத்தாழ இரண்டு கிழமை. உம்மும்மாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. அவருடைய தம்பிக்கு ஒன்பது. பெருநாளுக்கு அறுக்க வாங்கிய ஆட்டை அவன் கட்டிப்பிடித்து அழுததால், அவர்களுடைய வாப்பா அதை விட்டுவிட்டு வேறு ஆடு வாங்கியிருந்தார். அன்று மாலையிலிருந்தே காற்று. இரவானதும் கிடுகுக் கூரை போய்விட்டது. எல்லோரும் பக்கத்துக் கல்வீட்டு அறைக்குள் ஓடினார்கள். ஓர் அறைக்குள் பதினெட்டுப் பேர். யாஸீன் ஓதிக்கொண்டிருந்தார்களாம். ஓதும் சத்தம் காற்றில் கேட்கவில்லையாம்.

"பொறகு ஒரேயடியா நிண்டுட்டுது. ஒரு இலையும் ஆடல்ல. வானத்துல வெள்ளி தெரிஞ்சது. எல்லாரும் அல்ஹம்துலில்லாஹ் எண்டாங்க. தம்பி ஆட்டப் பாக்கணும் எண்டு அழுதான். பெரியவங்க எல்லாம் களைச்சுப் போய்க் கிடந்தாங்க. நான்தான் கதவுக் கொண்டியத் திறந்து விட்ட."

அரை மணித்தியாலம் போல இருக்குமாம். ஆடு உயிரோடுதான் இருந்திருக்கிறது. அவன் அதை அவிழ்த்துக்கொண்டு மதில் ஓரமாக வரும்போது காற்று திரும்பி வந்திருக்கிறது. முதலில் வடக்கிலிருந்து அடித்த காற்று, இம்முறை தெற்கிலிருந்து. மதில் விழுந்தது. விடிந்த பிறகுதான் அவனை எடுத்தார்கள்.

"இந்தக் காத்துக்கு நடுவுல ஒரு ஓட்டை இரிக்கெண்டு எனக்கு ஆரும் சொல்லித் தரல்ல மகள். சொல்லித் தந்திருந்தா நான் கதவத் திறந்திருக்க மாட்டன்."

உம்மும்மாவுக்கு ஒரு தம்பி இருந்ததே எனக்கு அன்றுதான் தெரியும். என் உம்மாவுக்கு அவர் மௌத்தானது தெரியும். கதவைத் திறந்தது யார் என்பது தெரியாது. உள்ளே சமைத்துக்கொண்டிருந்த உம்மா கரண்டியோடு வாசலில் வந்து நின்றார். அவருடைய கண்கள் நிறைந்திருந்தன.

அந்தச் சூறாவளியை நான் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறேன். 900க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பத்து இலட்சம் பேர் வரை பாதிக்கப்பட்டார்கள், மட்டக்களப்பின் தென்னந்தோட்டங்கள் அழிந்தன என்று பரீட்சைக்கு மனனமும் செய்திருக்கிறேன். சூறாவளிக்குக் 'கண்' என்ற அமைதியான மையப்பகுதி உண்டு என்பதும் எனக்குத் தெரியும். படம் கீறி, பெயர் குறித்து, புள்ளியும் எடுத்திருக்கிறேன். இருந்தும் டொனேடோவுக்குரிய விதியைச் சூறாவளி என்ற சொல்லுக்குக் கீழே எழுதிவிட்டேன். டொனேடோ சில நிமிடங்களில் கடந்து போய்விடும். சூறாவளி கடந்துவிட்டது போலக் காட்டிவிட்டுத் திரும்பி வரும். எட்டுப் பிள்ளைகள் அந்தப் பிழையைத் தங்கள் கொப்பியில் எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். உம்மும்மா அங்கே பன்பாய் இழைக்காமல் இருந்திருந்தால்?

அப்போது தரம் மூன்றுப் பிள்ளை மெதுவாக உம்மும்மாவுக்குப் பக்கத்தில் போய் இருந்தாள். "உங்கட தம்பி கெட்டவர் இல்லதானே?" என்று கேட்டாள்.

"இல்ல கிளி. அவன் நல்ல புள்ள. இடிஞ்சு விழுந்ததுக்குள்ள அகப்பட்டு மௌத்தாகிற முஃமின் ஷஹீதுட கூட்டத்துல எண்டு நபியவங்க சொல்லியிருக்காங்க. அதப் புடிச்சிக்கிட்டுத்தான் நான் இவ்வளவு காலமும் இருக்கன்" என்றார் உம்மும்மா.

நான் முதல் நாள் சொல்ல முடியாமல் விழுங்கிய விடை அதுதான். அந்த ஹதீஸை நானும் படித்திருக்கிறேன். தேவையான நேரத்தில் எனக்கு நினைவு வரவில்லை. அவருக்கு அது மறந்ததே இல்லை.

அடுத்த நாள் ஒன்பது பிள்ளைகளின் வீடுகளுக்கும் நானே போனேன். நேற்று நான் ஒரு பிழை சொன்னேன், இன்று வந்து திருத்திக்கொள்ள வேண்டும் என்று கூப்பிட்டேன். வராமல் நின்ற பிள்ளையின் வீட்டுக்கும் போய், நடந்ததை அவளுடைய உம்மாவிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "என்ட வாப்பாவும் அந்தக் காத்தப் பத்திக் கதைக்கவே மாட்டாங்க" என்று சொல்லி, மகளையும் கூட்டிக்கொண்டு தானும் வந்தார்.

அன்று உளுந்து வடையைத்தான் பாடநூலாக எடுத்தேன். ஒரு தட்டில் வடையை வைத்து, "இந்த எறும்பு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நடக்கிறது" என்றேன். முதலில் வடை, பிறகு ஓட்டை, பிறகு மீண்டும் வடை. வடைதான் காற்று. ஓட்டைதான் கண். எறும்பு நாம். ஓட்டைக்கு வந்ததும் வடை முடிந்துவிட்டது என்று எறும்பு நினைத்தால்? "இன்னும் பாதி வடை இரிக்கி!" என்று ஒன்பது பேரும் கத்தினார்கள்.

பழைய அட்டையைக் கிழித்துவிட்டுப் புதிய அட்டை எழுதினோம். இம்முறை விதிகளைச் சொன்னது உம்மும்மா, எழுதியது பிள்ளைகள். காற்று திடீரென்று நின்றால் கதவைத் திறக்கக் கூடாது. முடிந்துவிட்டது என்று வளிமண்டலவியல் திணைக்களம் வானொலியில் சொல்லும் வரை உள்ளேயே இருக்க வேண்டும். ஆபத்தென்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அழைக்க வேண்டும். ஆடு, மாடு, கோழியை நேரத்தோடு பாதுகாப்பான இடத்தில் சேர்த்துவிட வேண்டும். கடைசி விதியை உம்மும்மா இரண்டு தரம் சொன்னார். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்ற நபிமொழியை அன்று நான் விளக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

என் தம்பியின் கேள்விக்கும் அன்றுதான் ஒழுங்காகப் பதில் சொன்னேன். "நீ வீடியோவுல பாத்த மாதிரிக் காத்து நம்மட ஊருக்கு வாறது மிச்சம் குறைவு. ஆனா பெரிய சூறாவளி வந்திரிக்கி. இனியும் வரலாம். வந்தா என்ன செய்யணும் எண்டு உனக்குத் தெரியும்." அவன் யோசித்துவிட்டு, "சரி" என்றான். அன்றிரவு கச்சான் பலமாகத்தான் வீசியது. அவன் எழும்பவில்லை.

இதை வாசிக்கும் பெற்றோரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று சில கதைகளை நீங்கள் எங்களுக்குச் சொல்லாமல் வைத்திருக்கிறீர்கள். எங்கள் மேலுள்ள அன்பால்தான் அப்படிச் செய்கிறீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் எங்கள் கொப்பிகளில் இல்லாத பாடம் உங்களிடம்தான் இருக்கிறது. என் சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஒரு மூலையில் பாய் இழைத்துக்கொண்டு, நீங்கள் உரத்து வாசிப்பதைக் கேட்டுக்கொண்டு யாராவது இருப்பார்கள். ஒரு நாள் கொப்பியை மூடிவிட்டு அவர்களிடம் கேளுங்கள்.

பிள்ளைகள் போன பிறகு பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். உம்மும்மா கூப்பிட்டார்.

"அந்த வடைப் படத்த எனக்கும் ஒண்டு கீறித் தா மகள்."

ஒரு தாளில் பெரிதாகக் கீறிக் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு நடுவில் இருந்த ஓட்டையின் மேல் விரலை வைத்தார்.

"இதுக்குள்ளதான் நாங்க நிண்ட" என்றார்.

மஃரிபுக்கு பாங்கு சொன்னது. தாளை நான்காக மடித்து, தன் குர்ஆன் வைக்கும் உறைக்குள் வைத்துவிட்டு, வுழூ எடுக்கப் போனார்.